"சும்மாதாங்க இருந்தேன்": ராத்திரி பதினோரு மணிக்கு வந்த பையனும் என் கேள்வியும்

கொலுசுப்பட்டறை (செவ்வாய்பேட்டை)

எனக்கு வயது 54. முப்பது வருடமாகச் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வேலை பழக வரும் பையன்கள் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. அதனால் இந்தத் தலைமுறையைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. பக்கத்தில் ஆள் விழுந்தாலும் போனிலிருந்து தலை நிமிர மாட்டார்கள் என்று. அதைப் பட்டறையில் சத்தமாகவே சொல்வேன்.

போன ஐப்பசியில் வீட்டம்மாவுக்கு டெங்கு. நான்காம் நாள் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) மளமளவென்று இறங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. ஒரே ஆளிடமிருந்து மெஷின் வைத்துத் தட்டணு பிரித்தெடுக்க வேண்டும், ஓ பாசிட்டிவ் ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். அப்போது இரவு எட்டரை.

நான் முதலில் கையில் எடுத்தது மொய் நோட்டை. சிரிக்காதீர்கள். சொந்தபந்தத்தின் போன் நம்பரெல்லாம் அதன் கடைசிப் பக்கங்களில்தான் எழுதி வைத்திருக்கிறோம். வரிசையாகக் கூப்பிட்டேன். ஒருவருக்குச் சுகர். ஒருவர் முந்தின நாள்தான் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டாராம். இன்னொரு வீட்டில், "ரத்தம் கொடுத்தா பையன் இளைச்சுப் போயிருவான்" என்றார்கள். அந்தப் பையனின் காதுகுத்துக்கு 5,001 எழுதியவன் நான்.

பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், "அங்கிள், நான் ஒருத்தர்கிட்ட சொல்றேன்" என்று போனை எடுத்தாள். பதினோரு மணிக்குக் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். சாப்பாடு டெலிவரி செய்கிற கம்பெனி சட்டை, முதுகில் பெரிய பை. டெஸ்ட், மெஷின் எல்லாம் முடிய ஒன்றரை மணி ஆகிவிட்டது. இரண்டாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் செருகப் போனேன், கையைத் தட்டிவிட்டான். டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டான். "ஏன் தம்பி இந்நேரத்துக்கு வந்தே?" என்று கேட்டதற்கு ஒரே பதில்: "சும்மாதாங்க இருந்தேன்."

கம்பெனி சட்டையோடு வந்தவன் சும்மா இருந்தானாம். அந்த ராத்திரி அவன் எத்தனை ஆர்டரை விட்டிருப்பான் என்று என் வியாபார புத்தி கணக்குப் போட்டது. இன்றுவரை அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை. உங்களில் யாராவது அந்தப் பையன் மாதிரி போயிருந்தால், ஏன் போனீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம்.

ஞாயிறு டீச்சர் (ஹஸ்தம்பட்டி)

உள்ளதைச் சொல்கிறேன் அண்ணா. நான் முதல்முறை போனதற்குக் காரணம், காரில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏற்காடு பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தோழி கூப்பிட்டாள், ஏறிவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே வாந்தி. சேவை செய்யப் போனவள் முதலில் மற்றவர்களிடம் சேவை வாங்கினேன்.

நாங்கள் போனது சேர்வராயன் கோயில் பக்கம் உள்ளே தள்ளி ஒரு சின்ன மலைக்கிராமம். டிக்கியில் மூன்று மூட்டைப் பழைய துணி. பட்டன் போன சட்டை, ஜரிகை நைந்த பட்டு, எவளோ கல்லூரி விழாவுக்குத் தைத்த பளபளா பாவாடை. அங்கே ஓர் அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நாலைந்தைத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை எங்கள் வீட்டிலேயே மடித்திருக்க மாட்டோம், அவ்வளவு நேர்த்தியாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதையெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க பாப்பா. கொட்டறதுக்கு எங்களுக்கு இங்க இடமில்லை." கோபம் எல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

அப்புறம் ஏன் மறுபடி போனேன்? அன்றைக்குப் பொழுது போகாமல் நாலாவது படிக்கும் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை மிச்சம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால், அந்தப் பிள்ளை நோட்டில் பாதிக் கணக்கோடு அப்படியே விட்டு வைத்திருந்தது. டீச்சர் வந்து முடிக்கட்டும் என்று. இதற்குமேல் போகாமல் இருக்க முடியுமா? குற்ற உணர்ச்சிதான், வேறொன்றுமில்லை. இப்போது இரண்டு வருடமாகிறது.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் பருவம். வீட்டில் எல்லாரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பின்னாலேயே மிளகு. அந்த மாதங்களில் "பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று நான் ஒருமுறை புலம்பியதை இப்போது நினைத்தாலும் வெட்கம். கைக்குழந்தையோடு வரட்டும் என்று சொல்லிவிட்டோம். பாடம் பாதி, தாலாட்டு பாதி.

நெத்திமேடு நக்கீரன்

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் புளியைக் கரைக்கிறேன். புதுப் பேருந்து நிலையத்தில் உண்டியல் குலுக்கிக்கொண்டு ஒரு பையன், கழுத்தில் அட்டை, அதில் ஒரு குழந்தையின் படம். ரசீது கேட்டேன். முழித்தான். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்ததில், வசூலில் தனக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லிவிட்டான். குழந்தை யார் என்று அவனுக்கே தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனை நிறுத்தியவர்கள் மேல்தான்.

இளவட்டங்கள் ஐம்பது, நூறு என்று ஜிபேயில் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் செலவழியுங்கள். சிகிச்சைக்கு என்றால் தனி ஆள் நம்பருக்கு அனுப்பாமல் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்ட முடியுமா என்று கேளுங்கள். வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது என்றால் அமைப்பின் பான் எண்ணும் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. அதையும் மீறிக் கொடுப்பவர்கள் என்றால், சரி, உண்மையான ஆட்கள்தான்.

கூடவே இன்னொரு வியாதி: ஒரு பொட்டலம் சோற்றை ஏழு பேர் பிடித்துக்கொண்டு எடுக்கும் போட்டோ. வாங்குகிறவர் முகம் தெளிவாக, கொடுக்கிறவர் பல் அதைவிடத் தெளிவாக.

தமிழய்யா (ஓய்வு)

தென்பக்கம் கொல்லிமலை, வல்வில் ஓரி. வடபக்கம் தகடூர் (இன்றைய தர்மபுரி), அதியமான். கடையெழு வள்ளல்களில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது நம் சேலம். அவர்கள் கொடுத்ததும் பாட்டில் ஏறித்தான் நமக்குத் தெரியும். அந்தக் காலத்து ஸ்டேட்டஸ் புறநானூறு. பிள்ளைகளை ரொம்பத் திட்டாதீர்கள் நக்கீரரே. வாங்குகிறவர் முகத்தைப் போடக்கூடாது என்பதில் மட்டும் உங்கள் கட்சி.

ரத்தப்பட்டியல் அக்கா

செவ்வாய்பேட்டை அண்ணா, உங்களுக்கு வந்த பையன் நான் வைத்திருக்கும் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் இருப்பவனா என்று தெரியாது. ஆனால் அந்தப் பதிலை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். "சும்மாதான் இருந்தேன்", "பக்கத்துலதான் இருந்தேன்", "தூக்கம் வரலை". காரணம் கேட்டால் கூச்சப்படுவார்கள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி முகம் வைத்துக்கொள்வார்கள்.

ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன். என் அனுபவத்தில் இளைஞர்கள் வருவதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான்: பேர் சொல்லிக் கூப்பிடுவது. "அவசரம், ஓ பாசிட்டிவ் தேவை" என்று இருநூறு பேர் குழுவில் போட்டால் இருநூறு பேரும் வேறு யாரோ போவார்கள் என்று இருப்பார்கள். கும்பிடுகிற கை படம் மட்டும் வரிசையாக வரும். அதே ஆளுக்குப் போன் போட்டு, "தம்பி, நீ கடைசியா கொடுத்து நூறு நாள் ஆச்சு, இன்னைக்கு முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்பவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்களுக்கு உதவிய பெண் குழுவில் போடாமல், "ஒருத்தர்கிட்ட சொல்றேன்" என்றாள் பாருங்கள், அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது முறை வருவதற்குக் காரணம் வேறு. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஒரு வரி அனுப்பினால் அந்த ஆள் திரும்ப வருவார். எதுவும் சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார். இது ரொம்பப் பேருக்குத் தெரிவதில்லை. ரத்தம் கிடைத்ததும் நம்பரை மறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்பிரின் போட்ட சொந்தக்காரரை மன்னித்துவிடுங்கள். அது சாப்பிட்டால் மூன்று நாளைக்குத் தட்டணு எடுக்க மாட்டார்கள், அவர் சொன்னது நிஜமாக இருக்கலாம். "இளைச்சுப் போயிருவான்" கட்சியைத்தான் மன்னிக்க முடியாது. 18 வயதும் 45 கிலோவும் இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள். மறுபடி ரத்தம் கொடுக்க ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. ஒருத்தரும் இளைத்து நான் பார்த்ததில்லை. தட்டணு ஐந்து நாளைக்குமேல் தாங்காது, வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பழைய என்எஸ்எஸ்

நான் என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்தது சான்றிதழுக்கு. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அப்புறம் ஏழு நாள் முகாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி கூடும் என்று சீனியர் சொன்னான்.

மணிக்கணக்கைத் தேற்றத்தான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் ஒரு ஞாயிறு போனேன். சேலம் மக்கள் குழு ஏரியை மீட்க ஆரம்பித்திருந்த காலம். தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து அதில் மரக்கன்று வைத்தார்கள். சேறு முழங்காலுக்கு மேல். ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன். நட்ட கன்றில் எது நம்முடையது என்று இப்போது கேட்டால் தெரியாது. அந்தத் திட்டுகளில் கொக்கு உட்கார்ந்திருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மட்டும் பக்கத்து சீட்காரரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. சான்றிதழ் எங்கே என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

குகை அம்மா

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மகனுக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். மாசம் ஆயிரம் ரூபாய் ஒரு முதியோர் இல்லத்துக்கு. வீட்டில் தறி நின்று வருடமாகிறது, கரண்ட் பில் நான் கட்டுகிறேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரமாட்டான், மொய் எழுதமாட்டான். "அவங்க திருப்பிச் செய்வாங்கம்மா, அது கடன். இது வேற" என்கிறான். 2020 ஊரடங்கில் பைபாஸில் நடந்துபோன வடநாட்டு ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனதிலிருந்து இப்படித்தான். அப்போது நானே முப்பது பேருக்குப் புளிசாதம் கிளறிக் கொடுத்தேன், அதை இப்போது சொல்லிக்காட்டுகிறான்.

அவன் செய்வது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. கரண்ட் பில்லும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

எக்கனாமிக்ஸ் எம்ஏ

அம்மா, உங்கள் மகனுக்கு ஆதரவாக ஒன்று. 2008ல் சயன்ஸ் இதழில் எலிசபெத் டன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலையில் ஆட்களிடம் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கே செலவழிக்கவும் பாதிப் பேரை மற்றவர்களுக்குச் செலவழிக்கவும் சொன்னார்கள். சாயங்காலம் பார்த்தால் மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. எனவே அவனிடம், "இல்லத்துக்கு ஐந்நூறு, கரண்ட் பில்லுக்கு ஐந்நூறு, உன் சந்தோஷம் குறையாது" என்று பேரம் பேசிப் பாருங்கள்.

குகை அம்மா

நல்லா இருக்கு தம்பி. இன்றைக்கே கேட்கிறேன்.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்பேட்டை)

எல்லாவற்றையும் வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரத்தப்பட்டியல் அக்கா சொன்னதைக் கேட்டதும், "அந்தத் தம்பிக்கு நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் நம்பர் வாங்கி நேற்றுதான் கூப்பிட்டேன். "அப்படியாங்க, ரொம்ப சந்தோஷங்க" என்றான். பின்னால் பைக் சத்தம். "டெலிவரியில இருக்கேங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். ராத்திரி எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டு வீட்டம்மாவிடம் பேசினான்.

நானும் கொடுக்கலாம் என்று போன வாரம் ஒரு முகாமுக்குப் போனேன். பிரஷர் எகிறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூஸ் மட்டும் கொடுத்தார்கள், கொடுக்காத ரத்தத்துக்கு. அங்கே மேசை நாற்காலி இறக்க ஆள் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 14, ரத்ததான நாளுக்கு இன்னொரு முகாமாம். பட்டறை வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு ஐந்து ரோட்டில் நிற்பேன். ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். பழைய என்எஸ்எஸ் தம்பி, நீங்கள் வாருங்கள். செருப்பு போகாது.