கலைச்சொல்: எழுத்துரு ஆன்டிஅலையாசிங் – மென்மையாக்கமா, விளிம்பிழைப்பா?

> "எழுத்துரு மென்மையாக்கம்" போதாதா? மொரீஷியஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியுமே.

வணக்கம் ஐயா. போதாது. நாம் தமிழாக்கும் லினக்ஸ் மேசைத்தளத்தின் (கணினித் திரைச் சூழலின்) அமைப்புகளில் அந்தத் தலைப்பின் கீழ் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒரே சொல்லில் அடைத்தால் எதை மாற்றச் சொல்கிறோம் என்றே தெரியாது.

ஆன்டிஅலையாசிங்: எழுத்தின் வளைவு ஒரு படப்புள்ளியை (பிக்சலை) பாதி மூடினால் அங்கே பாதிச் சாம்பல். படிக்கட்டுப் போலத் தெரிந்த ஓரம் சீராகிறது. தச்சர் இழைப்புளியால் செய்வதும் இதுவே, ஆகவே 'விளிம்பிழைப்பு'. நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பிரெஞ்சுச் சொல் லிஸாஜுக்கும் இது பொருந்தி வருகிறது. 'மென்மை' என்றால் எழுத்து மங்கும் என்று எண்ணுவார்கள்.

ஹின்டிங்: இதைக் 'குறிப்பு' என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். கோடுகளைப் படப்புள்ளிக் கட்டத்தில் உட்காரவைப்பதால் 'கட்டப்பொருத்தம்'. தமிழுக்கு இதுதான் உயிர்நாடி. 'இலேசு' நிலையில், எழுத்துகளை வரையும் நிரலான ஃப்ரீடைப் மேல்கீழாக மட்டுமே நகர்த்தும். தானியங்கிப் பொருத்தத்தை 'முழு' நிலையில் வைத்தால் பக்கவாட்டிலும் இழுக்கும். சிறிய அளவில் 'ண'வின் சுழிகள் ஒட்டி 'ன'வோடு குழம்பலாம்.

சப்பிக்சல்: 'உட்புள்ளி வரைவு'. சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்துவது. திரையைத் திருப்பினாலும், ப்ரொஜெக்டர் படத்தை அளவு மாற்றிக் காட்டினாலும் ஓரத்தில் வண்ணக்கசிவு தெரியும். வகுப்பறைக்குச் சாம்பல் விளிம்பிழைப்பே நல்லது.

க்னோம் என்ற மேசைத்தளத்தின் இயல்பிருப்பு சாம்பல் விளிம்பிழைப்பும் இலேசான கட்டப்பொருத்தமும். செயலிகளின் சாளரங்களை வரையும் நிரலகமான ஜிடிகே 4 உட்புள்ளி வரைவையே கைவிட்டுவிட்டது. அதனால் ஒரே திரையில் இரு செயலிகள் வேறுவேறாகத் தெரிவது பிழையல்ல.

---

> ஆகவே 'விளிம்பிழைப்பு'

மூன்றாகப் பிரிப்பது சரி. ஒரு தடை: வகுப்பில் ழகரம் ளகரமாக ஒலித்தால் 'இளைப்பு' ஆகிவிடும், எழுத்து மெலியும் என்று பொருள் மாறும். பொத்தானில் 'விளிம்பு இழைப்பு' என்று பிரித்தே எழுதுவோம். விளக்கவரியில் 'ஓரப் படிகளை நீக்கும்' என்று சேர்த்தால் ஐயம் வராது.

சோதிக்கும் முறையையும் உதவிப்பக்கத்தில் தர வேண்டும். முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) எஃப்சி-மேட்ச் கட்டளையை வி விருப்பத்தோடு, எழுத்துருவின் பெயர் கொடுத்து இயக்கினால் ஹின்ட்ஸ்டைல் வரியில் எண் வரும்: 0 இல்லை, 1 இலேசு, 2 நடுத்தரம், 3 முழு. ஆர்ஜிபிஏ வரியில் 5 என்றால் உட்புள்ளி வரைவு அணைந்திருக்கிறது. இவை எழுத்துரு அமைப்புகளைக் கவனிக்கும் நிரலான ஃபான்ட்கான்ஃபிக் சொல்பவை மட்டும். மேசைத்தளத்தின் சொந்த அமைப்பு இவற்றை மீறலாம். எனவே இரண்டையும் பார்த்த பிறகே அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லுங்கள்.

பொதுத்தலைப்புக்கு 'எழுத்துத் தெளிவு' போடலாம். 'இலேசு' என்பதை 'சிறிது' ஆக்க வேண்டாம். அது எழுத்தின் அளவைக் குறிப்பதாகப் படும்.