லூசியானாவில் கல்லூரி விளையாட்டுப் பிரிவுகள்: மகனுக்காக ஒரு விளக்கம் தேவை

வினா: வாவிக்கரைத் தந்தை, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். என் மகன் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறான். கூடைப்பந்தாட்டத்தில் மாகாண மட்டம் வரை ஆடியிருக்கிறான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வசிக்கும் அவனுடைய தாய்மாமன், அங்குள்ள கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்படி சொல்கிறார். ஆனால் முதலாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அவர் பேசுவது எனக்கு விளங்கவில்லை. நம் பாடசாலைகளில் பிரிவு என்றால் வயதைக் குறிக்கும்; கழகங்களில் என்றால் வென்றவர் ஏறுவர், தோற்றவர் இறங்குவர். இது இவற்றில் எந்த வகை? புலமைப்பரிசில் எந்தப் பிரிவில் கிடைக்கும்?

மறுமொழி 1: முன்பு கல்லடி, இப்போது ஹூஸ்டன்

ஐயா, இரண்டு வகையும் இல்லை. விளையாட்டுக்கு எவ்வளவு செலவிடுவது என்று கல்லூரி நிருவாகம் எடுக்கும் முடிவைப் பொறுத்தே பிரிவு அமைகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் 1973 இல் தன் உறுப்பினர்களை மூன்று பிரிவுகளாக வகுத்தது. ஷ்ரீவ்போர்ட்டிலுள்ள சென்டினரி கல்லூரி முதலாம் பிரிவில் இருந்தது, பின்னாளில் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் நட்சத்திரமான ராபர்ட் பாரிஷ் ஆடியதும் அங்கேதான். 2011 இல் அக்கல்லூரி மூன்றாம் பிரிவுக்கு மாறியது, தோற்று இறங்கியதால் அன்று, தானே தீர்மானித்ததால்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதே நகரிலுள்ள எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஷ்ரீவ்போர்ட் என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு சங்கத்தைச் சேர்ந்தது. அதன் பேஸ்போல் அணி 2025 இல் ஆடிய 59 ஆட்டங்களையும் வென்று அச்சங்கத்தின் சம்பியனானது. அந்த வெற்றிக்காக யாரும் அதை முதலாம் பிரிவுக்கு ஏற்றிவிடவில்லை. பேட்டன் ரூஜிலுள்ள பெரிய எல்.எஸ்.யு.வும் இதுவும் ஒரே பல்கலைக்கழகக் குடும்பம் என்பதால், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

முதலாம் பிரிவுக்குள்ளும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஷகீல் ஓனீல் ஆடிய எல்.எஸ்.யு.வும் லேக் சார்ல்ஸ் நகரத்து மக்னீஸ் பல்கலைக்கழகமும் அதே பிரிவில்தான் இருக்கின்றன, வரவுசெலவுதான் வேறு. ஆனாலும் 2025 தேசியக் கூடைப்பந்துத் தொடரின் முதற்சுற்றில் மக்னீஸ் 69-67 என்ற கணக்கில், வரவுசெலவில் பெரிய கிளெம்சன் பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்தது. எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். என்று மாமா சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்; அவை முட்டை வடிவப் பந்தில் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கான உட்பிரிவுகள், கூடைப்பந்துக்கு அவற்றால் எந்த மாற்றமும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் வழங்க விதியில் இடமில்லை. கல்விப் பெறுபேற்றுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவி கிடைக்கும். முதலாம், இரண்டாம் பிரிவுகளிலும் என்.ஏ.ஐ.ஏ.விலும் விளையாட்டுக்காகவே கொடுக்கலாம். ஆகவே நியூ ஓர்லியன்ஸிலுள்ள லோயலா பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்: 2022 இல் என்.ஏ.ஐ.ஏ. ஆண்கள் கூடைப்பந்துச் சம்பியன். யேசு சபையினர் நடத்துவது என்பதால் நம் ஊருக்கு அந்நியமும் அன்று.

மறுமொழி 2: உடற்கல்வி ஆசிரியர், களுவாஞ்சிகுடி

மேலே சொன்னது உண்மை. நம் மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்து, 1990 ஆகஸ்ட் 15 அன்று காணாமற்போன யூஜின் ஹேபியர் அடிகளாரும் லூசியானாவில் பிறந்த யேசு சபைத் துறவிதான்.

ஓர் எச்சரிக்கை. என் தங்கையின் மகனுக்கு முதலாம் பிரிவில் இடம் உறுதி என்று ஒரு முகவர் மூன்று இலட்சம் ரூபாய் வாங்கினார். கிடைக்கும் புலமைப்பரிசிலில் பத்து வீதம் தமக்கு என்றும் எழுதி வாங்கிக்கொண்டார். பத்து மாதம் கழித்து வந்தது ஒரு கல்லூரியின் பொது விண்ணப்பப் படிவம் மட்டுமே. அதை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். புலமைப்பரிசிலில் பங்கு கேட்பதை என்.சி.ஏ.ஏ. விதிகளே அனுமதிப்பதில்லை என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

முதலாம் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 என்ற சராசரிப் புள்ளியும் தேவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தான பெறுபேறுகளைப் பார்ப்பார்கள் என்பதால், தவணை அறிக்கைகளை இப்போதே பாடசாலை அலுவலகத்தில் உறுதிப்படுத்தி வாங்கிவையுங்கள். அதிபர் மாறினால் அலுமாரிச் சாவியைத் தேடவே ஒரு மாதம் போகும். பாடசாலை முடித்த பின் பல்கலைக்கழக அனுமதிக்காக நம் பிள்ளைகள் வீட்டில் காத்திருப்பதுபோல் அங்கே காத்திருக்கவும் கூடாது. தாமதம் நீண்டால் ஆடக்கூடிய ஆண்டுகளில் ஒன்று கழியலாம்.

காணொளியில், பந்து வளையத்துக்குள் விழும் காட்சிகளை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். பந்து கையில் இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான், எதிரணி பறித்துக்கொண்டு ஓடும்போது திரும்பி ஓடுகிறானா என்பதைத்தான் பயிற்றுநர் பார்ப்பார். ஒரு முழு ஆட்டம் வேண்டும்.

மறுமொழி 3: வாவிக்கரைத் தந்தை

இருவருக்கும் மிக்க நன்றி. முகவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்து போயிருந்தார். இனி அவருடைய அழைப்பை எடுக்கப்போவதில்லை. லோயலாவையும் எல்.எஸ்.யு. ஷ்ரீவ்போர்ட்டையும் பார்க்கும்படி மாமாவுக்கு எழுதிவிட்டேன். முன்பு எடுத்த காணொளியைத் திரும்பப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் மகனை விளக்குத் தூண் மறைத்திருக்கிறது. சனிக்கிழமை மாலை வலயப் போட்டி இருக்கிறது. இம்முறை எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டில் நின்று எடுக்கிறேன்.