டொலர் ஓடர், மாறுற வட்டியில லோன் – கிளிநொச்சிச் சின்னக் கொம்பனிக்கு எது ஆபத்து?

கிளிநொச்சித் தூள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கறித்தூள், ஒடியல் மா, குரக்கன் மா அரைச்சுப் பக்கெற் பண்ணுறனாங்கள். மூண்டு பேரோட தொடங்கினது, இப்ப 14 பேர் வேலை செய்யினம், கனபேர் குடும்பத்தைத் தனியச் சுமக்கிற பெண்கள். போன வருசத்தில இருந்து டொரொன்டோக் கடை ஒண்டுக்கு அனுப்புறம், ஒரு ஓடர் 12,000 அமெரிக்க டொலர் அளவில வரும், சாமான் போய்ச் சேர்ந்து 60 நாளிலதான் காசு. பெரிய அரைக்கிற மெசினும் பக்கெற் சீல் பண்ணுற மெசினும் வாங்க பாங்கில 60 இலட்சம் தாறம் எண்டு சொல்லுகினம், 5 வருசம், வட்டி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறுமாம். ஓடர் கூடக் கூடப் பயமும் கூடுது, டொலர் ஏறினா எங்களுக்கு நல்லமோ கெட்டதோ எண்டே வடிவா விளங்கேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியாக் கணக்கு:
அக்கா, நல்ல நேரத்தில கேட்டிருக்கிறியள், லோன் எடுத்தாப் பிறகு கேக்கிறவைதான் கூட. முதல் டொலரைப் பார்ப்பம். டொலர் 300 எண்டு வையுங்கோ, 12,000க்கு 36 இலட்சம். உங்கட லாபம் நூற்றுக்கு 8 எண்டா 2,88,000. காசு கைக்கு வரேக்க டொலர் 280க்கு இறங்கிப் போட்டுதெண்டா 2,40,000 அதிலயே போயிடும், மிச்சம் 48,000. இறங்காது எண்டு நினைக்காதேங்கோ, 2023 பெப்ரவரியில 360 அளவில நிண்டது யூன் தொடக்கத்தில 300க்குக் கீழ வந்தது.

செத்தல் மிளகாய் இந்தியாவில இருந்து வாறதுதானே, டொலர் இறங்கினா அதுவும் மலியும், சரிக்குச் சரி எண்டு சிலர் சொல்லுவினம். அது பாதிதான் உண்மை. நீங்கள் மிளகாய் வாங்கினது பழைய றேட்டில, அரைச்சு, கப்பலில போய், 60 நாளும் முடிஞ்சு காசு வாறது புது றேட்டில, இடையில மூண்டு மாசத்துக்கு மேல கிடக்குது. அந்த இடைவெளிதான் உங்கட ஆபத்து. ஓடர் உறுதியான உடன பாங்கில ஃபோர்வேர்ட் கேட்டுப் பாருங்கோ, பிறகு ஒரு நாளில குடுக்கப் போற டொலருக்கு இண்டைக்கே ஒரு றேட்டைப் பேசி வைக்கிறது. முழுசுக்கும் வேண்டாம், பாதிக்குப் போட்டாலே நித்திரை வரும். கடைக்காரரிட்ட மூண்டில ஒரு பங்கு முற்பணம் கேளுங்கோ, கேக்கிறதில வெக்கம் இல்லை.

பரந்தன் பம்ப் கடை:
தங்கச்சி, நான் பட்டதைச் சொல்லுறன். 2022 பெப்ரவரியில இந்தியாவில இருந்து தண்ணிப் பம்ப் உதிரிப்பாகம் 15,000 டொலருக்கு எடுத்தனான், 90 நாள் கடன், டொலர் 203. அப்ப கணக்கு 30,45,000. மார்ச்சில மத்திய வங்கி ரூபாயைத் தாங்கிப் பிடிக்கிறதை விட்டுது, மே மாசம் கட்டப் போகேக்க 360, 54 இலட்சம். அதை விடப் பெரிய பிழை, பெரும்போகம் வெட்டின கையோட சனம் காசோட வந்ததெண்டு போட்டு சாமானைப் பழைய விலைக்கே வித்து முடிச்சிட்டன், திரும்ப வாங்கிற விலையை யோசிக்கேல்லை. லொறியை வித்துத்தான் கட்டினனான். அந்த லொறி 2009க்குப் பிறகு ஒண்டுமில்லாமல் திரும்பி வந்து, ஆறு வருசம் உழைச்சு வாங்கினது. அதாலதான் சொல்லுறன், மெசினை டொலர்க் கடனில எடுக்காதேங்கோ, விலையை ரூபாயில எழுதித் தரச் சொல்லுங்கோ.

முல்லைத்தீவு பாங்க்:
நான் பாங்கில வேலை செய்யிறனான், வட்டியைப் பற்றி மட்டும் சொல்லுறன். மாறுற வட்டி எண்டா அனேகமா மத்திய வங்கி கிழமைக்கு ஒருக்கா போடுற ஏடபிள்யூபிஎல்ஆர் வீதத்துக்கு, அதாவது பாங்குகள் தங்கட நல்ல வாடிக்கையாளருக்குக் குடுக்கிற கடன் வட்டியின்ர சராசரிக்கு, மேல இத்தினை எண்டு இருக்கும். 2022 தொடக்கத்தில அது 9க்குக் கிட்ட, வருசக் கடைசியில 27ஐத் தொட்டது. 60 இலட்சத்துக்கு 12 வீதம் எண்டா முதல் மாச வட்டி 60,000, அதே லோனுக்கு 28 வீதம் எண்டா 1,40,000, கடன் எடுத்த முதலை வேறயாக் கட்டவேணும். முதல் ரெண்டு வருசத்துக்காவது மாறாத வட்டி கேளுங்கோ, கொஞ்சம் கூடச் சொன்னாலும் பரவாயில்லை. வட்டிக்கு உச்சவரம்பு போடலாமோ எண்டும் கேட்டு, சொன்னதை ஓஃபர் லெட்டரில எழுதுவியுங்கோ. ஒரே ஒரு கடைக்குக் கடனுக்கு அனுப்புறியள், அவை கட்டாட்டி? இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அதுக்குத்தான் இருக்குது, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ.

கிளிநொச்சித் தூள்:
எல்லாருக்கும் நன்றி. பரந்தன் அண்ணை, உங்கட லொறிக் கதை வாசிச்சு அழுகை வந்திட்டுது. ராத்திரி இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தனான், வட்டி 20க்குப் போனா வேலைக்கு வாற ரெண்டு பிள்ளையளை நிப்பாட்ட வேண்டி வரும், அதுக்கு நான் ஆயத்தமில்லை. அதால 60 வேண்டாம், சீல் பண்ணுற மெசினை விட்டிட்டு அரைக்கிறதுக்கு மட்டும் 35 இலட்சம், மாறாத வட்டியில கேக்கப் போறன். டொரொன்டோவுக்கும் முற்பணம் கேட்டு எழுதிப் போட்டன், இன்னும் மறுமொழி வரேல்லை. வவுனியாத் தம்பி, ஃபோர்வேர்ட் போட்டாப் பிறகு கடைக்காரர் காசு பிந்தி அனுப்பினா பாங்க் எங்களிட்டத் தண்டம் எடுக்குமோ?

வவுனியாக் கணக்கு:
ஓம் அக்கா, சொன்ன நாளில டொலர் குடுக்காட்டி நாளைத் தள்ள வேண்டி வரும், அதுக்குச் செலவு இருக்குது, றேட் மாறியிருந்தா அந்த வித்தியாசமும் உங்கட தலையில. அதாலதான் பாதிக்கு எண்டு சொன்னனான். நாளையும் இறுக்கிப் போடாமல் ஒரு மாச இடைவெளிக்குள்ள எப்பவும் குடுக்கலாம் எண்ட மாதிரித் தருவினமோ எண்டு கேளுங்கோ.