மணி அடிக்காத அடக்கம்: தற்கொலை செய்துகொண்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கலாமா?

தேரிமணல்:
போன மாதம் எங்கள் சபையில் நடந்ததை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. கடன் நெருக்கடியில் 34 வயது அண்ணன் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உடல் கோவிலுக்குள் வரக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, போதகர் ஐயர் அங்கி போட்டு வரக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தது. தோட்டத்தின் மேற்கு மூலையில், மதிலை ஒட்டி, வெட்டின முள்ளைக் குவித்து வைக்கும் இடத்தில் குழி. பெட்டியைத் தூக்கும்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்து, "ஏன் தம்பி, இன்னும் மணி அடிக்கல?" என்று கேட்டார். முப்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் கோவிலைக் கூட்டிப் பெருக்கியவர். மணிக்கயிற்றை யாரோ சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். இது வேதப்படி சரியா? சொல்லுங்கள்.

கமிட்டிக்காரர்:
தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. நான் வேறொரு சேகரத்தில், அதாவது பல சபைகள் சேர்ந்த பிரிவில், 12 வருஷம் கமிட்டியில் இருந்தவன். இப்படி ஒரு முடிவுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை தன் உயிருக்கும் சேர்த்துத்தான். மனந்திரும்ப நேரமில்லாத பாவம் இது. ஞானஸ்நானம் பெறாதவர், சபையைவிட்டு விலக்கப்பட்டவர், தன்னை மாய்த்துக்கொண்டவர் ஆகியோருக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று 1662ஆம் வருஷத்து ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப்புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லா மரியாதையும் செய்து அடக்கினால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வாலிபப் பிள்ளை என்ன நினைக்கும்? அந்தப் பயம்தான் எங்களுக்கு.

நெய்தல்:
நாங்கள் கத்தோலிக்கர். 1917 திருச்சபைச் சட்டத்தில் எங்களுக்கும் இந்தத் தடை இருந்தது. 1983இல் வந்த சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று எங்கள் மறைக்கல்வி நூலே சொல்கிறது. செயல் சரி என்று அது சொல்லவில்லை. கடும் அச்சமும் மனநோயும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. 2017 மனநலச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொண்டு தண்டனையைத் தவிர்க்கிறது. சட்டம் இரங்குகிற இடத்தில் சபை இரங்க வேண்டாமா?

கமிட்டிக்காரர்:
ரோமச் சபையும் அரசாங்கமும் மாற்றினால் வேதம் மாறிவிடுமா அம்மா? இயேசுவைக் காட்டிக்கொடுத்து நான்றுகொண்டு செத்த யூதாசின் முடிவை நினைத்துப் பாருங்கள்.

பழைய உபதேசியார்:
யூதாசை எடுத்தீர்கள், இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலை ஏன் விட்டீர்கள் தம்பி? கில்போவா மலையில் அவன் தன் பட்டயத்தின்மேல் தானே விழுந்து செத்தான். எதிரிகளான பெலிஸ்தர் அவன் உடலைப் பெத்சான் மதிலில் தூக்கிவைத்தார்கள். யாபேஸ் ஊரார் கேள்விப்பட்டு, இராமுழுதும் நடந்துபோய் அதை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். சவுல் ஒருகாலத்தில் அவர்கள் ஊரைக் காப்பாற்றியவன். அவனால் காடுமேடெல்லாம் துரத்தப்பட்ட தாவீது என்ன செய்தான்? இந்தத் தயவுக்காகக் கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சொன்னான். அவர்கள் மதிலிலிருந்து இறக்கினார்கள். நாம் மதிலோரம் தள்ளுகிறோம்.

மனந்திரும்ப நேரமில்லை என்கிறீர்கள். கடைசி மூச்சில் அவன் யாரைக் கூப்பிட்டான் என்று கேட்க நம்மில் எவருக்குக் காது இருந்தது? மாரடைப்பில் போன வட்டிக்காரருக்கும் நேரமில்லைதான். அவருக்கு மணி அடித்தோம், கொயர் பாடியது. நான் உபதேசியாராக இருந்த 22 வருஷத்தில் அப்படிப் பலரை அடக்கம் செய்ய நின்றிருக்கிறேன்.

வாலிபப் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமான பயம். ஆனால் பிலிப்பி பட்டணத்தில் சிறைச்சாலைக்காரன் தன்னைக் கொலைசெய்துகொள்ளப் பட்டயத்தை உருவினபோது, அங்கே கைதியாயிருந்த அப்போஸ்தலன் பவுல் நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று சத்தமிட்டார். கடன்காரர்கள் அந்த வாசலில் நின்றபோது நம் சபையில் யார் அப்படிச் சத்தமிட்டது?

நெய்தல்:
ஐயா சொன்னதோடு ஒன்று. பிள்ளைகளுக்கு ஏதாவது தெரிய வேண்டுமானால், அரசின் மனநல உதவி எண் 14416ஐக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

கமிட்டிக்காரர்:
உபதேசியார் ஐயா, சவுல் காரியத்தை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனாலும் அடக்கம் வேறு, ஆராதனை வேறு. தோட்டத்தில் எல்லாரோடும் இடம் கொடுக்கலாம். பிரசங்கத்தில் புகழ்வதை என் மனசாட்சி ஒப்பாது.

தேரிமணல்:
புகழச் சொல்லி யாரும் கேட்கவில்லை அண்ணாச்சி. அந்த அம்மா கேட்டது மணியை மட்டும்தான். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் குடும்பம் இப்போது சபைக்கு வருகிறதா?

கமிட்டிக்காரர்:
இல்லை. தகப்பனார் மட்டும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஜெபம் முடியுமுன் எழுந்து போய்விடுவார். அவர் வீடு என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான். ஒரு நாளும் நான் போனதில்லை.

தேரிமணல்:
நேற்று நாலு பேர் போய் அந்த மூலையில் முள்ளை அப்புறப்படுத்தினோம். அம்மாவும் விளக்குமாறோடு வந்துவிட்டார். கமிட்டிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன், இதுவரை 17 கையெழுத்து. இங்கே போடட்டுமா அண்ணாச்சி? நீங்கள் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

கமிட்டிக்காரர்:
போடுங்கள் தம்பி. இடத்துக்கு ஒரு மனு, மணிக்கு ஒரு மனு என்று பிரித்து எழுதுங்கள். ஒன்றாகக் கேட்டால் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். நான் இன்று சாயங்காலம் அந்த நாலாவது தெருவுக்குப் போய்விட்டு வந்து வாசிக்கிறேன்.