40 மாணவர், 6 பிப்பெட், 6 வாரம்: லேப் வேலைக்கு எதிலிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை:
கடலூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயோடெக் பிராக்டிகல் எடுக்கிறேன். 40 பேர், இரண்டு பேட்ச், ஒரு பேட்சுக்கு வாரம் 3 மணி நேரம். மைக்ரோபிப்பெட் (மிகச் சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) 6, நான்கு தசம பேலன்ஸ் 1, ஜெல் டேங்க் (டிஎன்ஏவை மின்சாரத்தில் பிரிக்கும் தொட்டி) 1, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்), லேமினார் (கிருமியில்லாக் காற்று வீசும் மேடை) இருக்கின்றன. பாடத்திட்டம் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) வரை போகிறது. ஆனால் புதுச்சேரிப் பக்கம் மருந்துக் கம்பெனிகளின் க்யூசி (தரக் கட்டுப்பாடு) நேர்காணலில் "0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு போடு" என்றாலே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "ஒரு லிட்டருக்கு 4 கிராம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். 6 வாரத்தில் எதைக் கைப்பழக்கமாக்கலாம், எதை விட்டுவிடலாம்?

சேதராப்பட்டு:
வணக்கம் சார். அந்த அடுத்த கேள்வி பெரும்பாலும் "போட்டது 0.1தான் என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். முதல் வாரம் முழுக்க அதற்கே கொடுங்கள்.

கடலோரக் காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு டப்பாவைத் திறந்து வைத்தால் பெல்லட்டின் (சிறு வில்லையின்) ஓரம் சீக்கிரமே ஈரமாகிப் பளபளக்கும். உறிஞ்சிய அந்த நீரையும் சேர்த்துத்தான் தராசு 4 கிராம் காட்டுகிறது. அதனால் கரைசலின் வலு 0.1க்குக் கீழேதான் நிற்கும். இதை மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கட்டும். கேஎச்பியை (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) 120 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவிட வேண்டும். சுமார் 0.5 கிராம் நிறுத்து நான்கு தசமம் வரை எழுதி, கொதிக்க வைத்து ஆறிய நீர் 75 மில்லியில் கரைத்து, பினாப்தலீன் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு டைட்ரேட் செய்யட்டும் (நிறம் மாறும்வரை ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து தான் போட்ட சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவை அளப்பது). மூலக்கூறு எடை 204.22. ஆகவே 0.5000 கிராமுக்குக் கரைசல் சரியாக 0.1 என்றால் 24.48 மில்லி செலவாகும். 25.5 மில்லி போனால் வலு 0.096. ஆளுக்கு மூன்று தடவை. மூன்றும் 0.0960, 0.0962, 0.0959 என்று நெருங்கி வந்தால் கை பழகிவிட்டது. 0.096, 0.101, 0.093 என்று சிதறினால் கூட நின்று பாருங்கள். ப்யூரெட் மேலே புனலை எடுக்காமல் விட்டிருப்பார்கள், குழாய்க்குக் கீழே காற்றுக்குமிழி நிற்கும், அல்லது அடர்ந்த ரோஜா நிறம் வரும்வரை ஓட்டியிருப்பார்கள். 30 விநாடி நிற்கும் வெளிறிய ரோஜா போதும்.

இன்னொன்று, பாட்டில் லேபிளைப் படிக்கும் பழக்கம். 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு 100 மில்லி வேண்டும் என்றால் நீரற்றதில் 1.11 கிராம், டைஹைட்ரேட்டில் (இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தது) 1.47 கிராம். இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் கரைசல் போடச் சொல்லுங்கள். ஈடிடிஏவும் (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) அப்படித்தான். 0.5 மோலார் 100 மில்லிக்கு டைசோடியம் டைஹைட்ரேட் 18.61 கிராம். பிஎச் 8ஐ நெருங்கும்வரை அது கரையாது. பால் மாதிரி வெள்ளையாகவே நிற்கும். பிள்ளைகள் பயந்துபோய் ஹாட் பிளேட்டில் ஏற்றுவார்கள், இல்லை இன்னும் நீர் ஊற்றுவார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே போக, சுமார் 2 கிராம் அளவில், தானாகத் தெளியும்.

உப்பளம்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. இரண்டாம் வாரம் பிப்பெட். பிப்பெட் பொத்தானை அழுத்தும்போது தடுக்கும் இரண்டு இடங்களை "முதல் ஸ்டாப், இரண்டாம் ஸ்டாப்" என்று பலகையில் வரைந்து புண்ணியமில்லை, எடைதான் பேசவேண்டும்.

மூடியுள்ள சிறு பீக்கரை பேலன்ஸில் வைத்து, 100 மைக்ரோலிட்டர் நீரைப் பத்துத் தடவை விட்டு, ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள். அறை வெப்பம் 30 டிகிரி என்றால் 99.5 மில்லிகிராம் அளவில் வரவேண்டும். ஒருவருக்கு 5 நிமிடம், 20 பேருக்கு 100 நிமிடம். உங்கள் ஒரே பேலன்ஸுக்கு இது அடங்கும்.

எண்களைப் படித்தாலே தவறு தெரியும். எல்லாமே 110க்கு மேல் என்றால் உறிஞ்சும்போதே இரண்டாம் ஸ்டாப் வரை அழுத்துகிறார். 94, 103, 97 என்று தாவினால் கட்டைவிரலைச் சட்டென்று விடுகிறார், டிப்புக்குள் குமிழி ஏறுகிறது. 101, 102 என்று லேசாகக் கூடினால் டிப்பை ஆழமாக முக்குகிறார், வெளிப்பக்கம் ஒட்டிய நீரும் கூடவே போகிறது. 2, 3 மில்லிமீட்டர் முங்கினால் போதும். எல்லாமே 95 என்றால் டிப் இறுகவில்லை. ஒரே பிப்பெட்டில் நாலு பேருக்கும் 95 வந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே ஓ-ரிங் போயிருக்கும். கையின் பிழையையும் கருவியின் பிழையையும் பிரிக்கத் தெரிந்த பிள்ளை எந்த லேபிலும் நிற்கும்.

ஈர டிப்போடு பிப்பெட்டைப் படுக்க வைப்பதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். நீர் உள்ளே ஓடி பிஸ்டனைக் கெடுக்கும்.

பேலன்ஸுக்குக் காத்திருப்பவர்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாம். 1 சதவீத சாதா அகாரில், குழி விழச் சீப்பு வைத்து ஜெல் ஊற்றி, நீரில் மூழ்கவைத்து, 50 சதவீத கிளிசராலில் கேசரிப் பவுடர் கலந்து 5 மைக்ரோலிட்டர் வீதம் குழியில் இறக்கிப் பழகட்டும். குழியின் அடியைக் குத்தினால் கலர் கீழே ஒழுகும், அப்போதே தெரிந்துவிடும். அகரோஸும் (ஜெல்லுக்கான சுத்திகரித்த அகார்) மிச்சம்.

முதுநகர்:
மீடியா (நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டம்) பக்கம் நான் சொல்கிறேன். 40 பிளேட்டுக்கு 20 மில்லி வீதம் 800 மில்லி, நியூட்ரியன்ட் அகார் லிட்டருக்கு 28 கிராம் என்றால் 22.4 கிராம். 500 மில்லி பிளாஸ்கில் 300க்கு மேல் ஊற்றக்கூடாது. ஆட்டோகிளேவில் முதலில் ஆவி சீராக வெளியேறி உள்ளிருக்கும் காற்று போகட்டும், பிறகு வால்வை மூடி 121 டிகிரி, 15 பவுண்டு, 15 நிமிடம். காற்று உள்ளே தங்கினால் முள் 15 காட்டும், வெப்பம் 121 இருக்காது. பிரஷர் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கும் முன் திறந்தால் மீடியா பொங்கிக் காட்டன் பிளக் நனையும். நம் ஊர் ஈரக்காற்றில் நனைந்த பிளக் என்றால் அந்தப் பிளாஸ்கைத் தள்ளிவையுங்கள், பூஞ்சை அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

சீரியல் டைல்யூஷனுக்கு (படிப்படியாகப் பத்து மடங்கு நீர்ப்பது) இட்லி மாவு நல்ல சாம்பிள், வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். புளித்த மாவு 1 கிராம், 0.85 சதவீத உப்புநீர் 9 மில்லி, அங்கிருந்து 1க்கு 9 என்று இறங்கி, கடைசி இரண்டு மூன்று டியூபிலிருந்து 0.1 மில்லி எம்ஆர்எஸ் அகாரில் (லாக்டிக் பாக்டீரியா வளரும் மீடியா) பரப்பட்டும். 30 முதல் 300 காலனி வரை உள்ள பிளேட்டை மட்டும் எண்ண வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு டியூபில் 150 வந்தால் கிராமுக்கு 150 கோடி. 15 கோடி என்று எழுதியவர் 0.1 மில்லிக்கான பத்து மடங்கை மறந்திருக்கிறார். அடுத்தடுத்த டியூபுகளில் பத்தில் ஒன்றாகக் குறையாமல் 150, 90, 60 என்று இறங்கினால் டிப் மாற்றவில்லை.

உப்புநீரை டியூபில் 9 மில்லி ஊற்றி ஆட்டோகிளேவ் செய்தால் அளவு குறைந்துவிடும். பாட்டிலில் மொத்தமாகச் செய்து, பிறகு லேமினாரில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
மூவருக்கும் நன்றி. மாவு யோசனை எனக்குத் தோன்றவேயில்லை. பிசிஆரை அடியோடு விட்டுவிடலாமா? தேர்வில் கேட்பார்களே. கெமிக்கல் செலவும் பார்க்க வேண்டும்.

உப்பளம்:
விடவேண்டாம் சார், ஆறாம் வாரம் ஒரே தடவை. ஆளுக்கு ஒரு டியூபாகப் பேட்சுக்கு 20, டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) இல்லாத டியூப் ஒன்று. அந்த 21க்கு மாஸ்டர் மிக்ஸை (எல்லா டியூபுக்கும் பொதுவான கலவை) 23க்கான அளவில் கலக்கட்டும், பிரிக்கும்போது டிப்பில் ஒட்டிக் குறையும். 24 மைக்ரோலிட்டர் மிக்ஸ், 1 மைக்ரோலிட்டர் டெம்ப்ளேட். டெம்ப்ளேட் இல்லாததில் அதற்குப் பதில் 1 மைக்ரோலிட்டர் நீர். அதில் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) வந்தால் அந்தப் பேட்சின் முடிவு எதையும் நம்ப முடியாது என்பதை அவர்களே எழுதட்டும். என்சைமில் 50 சதவீத கிளிசரால் இருப்பதால் டிப் நுனியை மேற்பரப்பில் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

ஐஸுக்குச் செலவு வேண்டாம். துறைமுகத்தில் மீனுக்கு விற்கும் கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்து, கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்தால் டியூபைச் சுற்றி நன்றாக ஒட்டும். டியூப் மூடி மட்டும் நீருக்கு மேலே நிற்கட்டும்.

ஜெல்லுக்கு 50 மில்லி 1எக்ஸ் டிஏஇ பஃபரில் (நீர்த்து எடுத்த ஜெல் கரைசல்) அரை கிராம் அகரோஸ். எலக்ட்ரோடு இடைவெளி 15 சென்டிமீட்டர் என்றால் 75 வோல்ட். டேங்க் சூடாகி ஜெல் இளகினால் பஃபரை நீர்க்காமல் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு மணி நேரமாகியும் நீலச்சாயம் நகரவில்லை என்றால் வெறும் நீரில் ஜெல் போட்டிருப்பார்கள். சாயம் பின்னோக்கிப் போனால் உடனே நிறுத்தி வயரை மாற்றுங்கள், குழி கருப்பு வயர் பக்கம் இருக்கவேண்டும்.

சேதராப்பட்டு:
ஒரு விஷயம் விட்டுப்போனது. பேலன்ஸ் எண்ணை உள்ளங்கையிலோ துண்டுத்தாளிலோ எழுதி, பிறகு ரெக்கார்டில் ஏற்றும் பழக்கத்தை இந்த 6 வாரத்திலேயே நிறுத்திவிடுங்கள் சார். நேரே நோட்டில், பேனாவில், பாட்டிலின் பேட்ச் எண்ணோடு. தப்பென்றால் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, தேதி. ஒயிட்னரை லேபுக்குள்ளேயே விடாதீர்கள்.