இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனிமூட்டம்: யன்னல் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மேல்மாடி யன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் புகை படிந்தது போல இருக்கிறது. காலையில் நீர்த்துளிகள் வழிகின்றன. உள்ளும் புறமும் துடைத்துவிட்டேன், போகவில்லை. பழைய உரிமையாளர் போட்ட யன்னல், 15 வருடத்துக்கு மேலாகிவிட்டது. பார்க்க வந்தவர் சட்டத்தோடு சேர்த்து மாற்றச் சொல்லி, எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை கேட்கிறார். அந்த அறையில்தான் மாமியார் படுக்கிறார், குளிர் தாங்கமாட்டார். இன்னொன்று: பின்கதவின் பிளாஸ்டிக் கைப்பிடியை இரண்டு கையாலும் தூக்கினால்தான் பூட்ட முடிகிறது.

மறுமொழி 1:
எங்கள் பக்கத்து வீட்டில் கண்ணாடியில் சிறு துளை போட்டு உலர்த்தினார்கள். செலவு குறைவுதான். கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
தயவுசெய்து துளை போட விடாதீர்கள். உங்கள் கண்ணாடி டஃபன்ட் (சூடேற்றி வலுப்படுத்திய) வகையாக இருந்தால் துளையிட்ட மறுகணமே முழுவதும் நொறுங்கிவிடும். இல்லாவிட்டாலும், குளிரைத் தடுப்பது நடுவில் அடைபட்டிருக்கும் அந்த உலர்ந்த காற்றுதான். அதைத் திறந்துவிட்ட பிறகு என்ன பயன்?

நான் கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிறவன். ஈரம் அறைப்பக்கம் படிந்தால், சமையல், குளியல், துணி உலர்த்துதல் எல்லாம் சேர்ந்த வீட்டு ஈரம் அது, காற்றோட்டம் விட்டால் போதும். நடுவில் படிந்தால் ஓரத்து ஒட்டுப்பசை விட்டுப்போய்விட்டது. இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து வைத்திருக்கும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். அவை நிறைந்துவிட்டால் மூட்டம் தெரிய ஆரம்பிக்கும்.

சட்டம் வளையாமல், மூலைகள் விரியாமல் இருந்தால் கண்ணாடி யூனிட்டை (ஓரம் ஒட்டிய இரட்டைக் கண்ணாடியை) மட்டும் மாற்றினால் போதும். அதைச் சட்டத்தில் பிடித்திருக்கும் வெளிப்பட்டைகள் அறைப்பக்கம் இருந்தால் ஏணிகூட வேண்டாம். அவற்றைக் கழற்றிய பிறகு யூனிட் உட்காரும் குழியின் அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து, ஒவ்வொன்றிலும் சுமார் 10 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள். யூனிட்டின் தடிமனையும் அளக்க வேண்டும், 28 மி.மீ. அதிகம் காணப்படுகிறது, பழையவற்றில் 20, 24 இருக்கலாம். தரையிலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே வரும் யன்னல் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். கண்ணாடியை மட்டும் மாற்ற ஃபென்சா (யன்னல் வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று காட்டும்) சான்றிதழ் தேவையில்லை. முழு யன்னலையும் மாற்றினால்தான் அதுவோ கவுன்சில் அனுமதியோ கேட்பார்கள்.

கூடவே ஒரு வேலை: சட்டத்தின் கீழ்ப்புறம் வெளியே சிறு வடிகால் துளைகள் இருக்கும். மெல்லிய கம்பியால் அழுக்கை எடுத்துவிடுங்கள். அவை அடைத்து, யூனிட்டின் அடி நீரில் ஊறியே பல பசைகள் விட்டுப்போகின்றன.

மறுமொழி 3:
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். இலகுவாகத் தூக்கினால் பூட்டில் குறை இல்லை. கதவு தாழ்ந்து கொக்கிகள் துளையில் சரியாக விழவில்லை. கீல்களில் அலன் சாவியால் (ஆறுபக்கத் திருகுசாவி) கால் சுற்றுத் திருப்பு, பிறகு சோதனை, மறுபடி கால் சுற்று. திறந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் பொறி தேய்கிறது. எப்படியானாலும் இனி பலமாக இழுக்காதீர்கள், அப்படித்தான் அது உடையும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, நன்றி. கதவு திறந்திருக்கும்போது கைப்பிடி ஒரு விரலால் ஏறியது. மேல் கீலை இரண்டு தடவை திருப்பினோம், இப்போது மாமியாரே பூட்டுகிறார். யன்னல் துளைகளிலிருந்து ஒரு கைப்பிடி மண் வந்தது. பட்டைகள் அறைப்பக்கம்தான் இருக்கின்றன. 28 மி.மீ. தடிமனில் யூனிட்டுக்குச் சொல்லிவிட்டேன்.