ஃபிக்சிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வேட்டுக் களஞ்சியம் நடத்தும் பல்கலைக்கழக நூலகங்களுக்கான ஒரு தமிழ்க் கையேட்டில் ஃபிக்சிட்டி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எண்மக் களஞ்சியங்களுக்கான ஓஏஐஎஸ் மாதிரியத்தில் (ஐஎஸ்ஓ 14721) அது ஒரு தனித் தகவல் வகை. எண்மப் பாதுகாப்புக்கான பிரீமிஸ் விவரத்தரவில் (மெட்டாடேட்டா) அதைச் சோதிப்பது பதிவு செய்யவேண்டிய ஒரு நிகழ்வு. கோப்பு களஞ்சியத்துக்குள் வந்த நாளில் பிட்டுகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இன்றும் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை.

வரைவில் 'நிலைத்தன்மை' என்று இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயர்ச்சொல் மட்டும் கிடைத்தால் போதாது. சோதனைக்கு ஒரு சொல், சோதனையில் தேறாத கோப்பைச் சொல்ல ஒரு வினை, இரண்டும் அதே வேரிலிருந்து வர வேண்டும். உங்கள் கருத்து?

— சென்னை

*

வணக்கம் ஐயா.

நிலைத்தன்மை வேண்டாம். சேவையகம் அடிக்கடி படுத்துக்கொண்டால் 'நிலைத்தன்மை இல்லை' என்றுதான் சொல்வார்கள். நிலைபேறு என்றால் இன்னும் சிக்கல்: இங்கே 'நிலைபேறான அபிவிருத்தி' என்று பள்ளிப் புத்தகம்வரை போய்விட்டது. மெய்ம்மையும் கூடாது, அது கோப்பு யாரிடமிருந்து வந்தது, உண்மையானதா என்ற வேறு கேள்விக்கு உரியது.

எளிமையாக 'மாறாமை' என்று வைத்தால் என்ன? பிள்ளைகளுக்கும் விளங்கும்.

— யாழ்ப்பாணம்

*

> எளிமையாக 'மாறாமை' என்று வைத்தால் என்ன?

எளிமைதான், ஆனால் அகலம் கூடிப்போகிறது. களஞ்சியத்தில் மாறவேண்டியவை நிறைய உண்டு. வட்டு மாறும், கோப்புறை மாறும், விவரத்தரவைத் திருத்துவோம், வடிவத்தை வேண்டுமென்றே மாற்றுவோம்.

ஒருங்குறிக்கு முந்தைய தஸ்கி குறியேற்றத்தில் 1990-களின் கடைசியில் தட்டிய ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட்டுகூடப் பிசகவில்லை, சரிபார்ப்புத் தொகை (கோப்பின் பிட்டுகளிலிருந்து கணக்கிட்டெடுக்கும் சிறு எண், 'செக்சம்') அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் இன்றைய உலாவியில் திறந்தால் ஐரோப்பியக் குறிகளாகக் கொட்டும். ஃபிக்சிட்டி இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. அதை ஒருங்குறிக்கு மாற்றினால் வருவது புதுக் கோப்பு. அதற்குப் புதுத் தொகை எடுத்து, பழையதையும் வைத்துக்கொண்டு, எதிலிருந்து எது வந்தது, எந்தக் கருவி மாற்றியது என்று எழுதிவைக்க வேண்டும். இங்கே மாற்றம் நடந்தது, நல்லதே நடந்தது. நாம் பயப்படுவது நமக்குத் தெரியாமல் நடப்பதற்கு. அதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: திரிபு. 'ஐயந்திரிபற' என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அந்தத் திரிபு.

ஃபிக்சிட்டி = திரிபின்மை. சோதனை = திரிபாய்வு. தேறாத கோப்பு = திரிந்த கோப்பு. 'பால் திரிந்துவிட்டது' என்ற வழக்கே போதும், விளக்கவுரை தேவையில்லை.

— கோயம்புத்தூர்

*

திரிபின்மைக்கு என் வாக்கு. ஆனால் ஒரு தடை சொல்லியாக வேண்டும். இலக்கணம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: விகாரப் புணர்ச்சி மூன்றாயிற்றே, தோன்றல், திரிதல், கெடுதல். திரிதல் அதில் ஒன்றுதானே?

இந்தத் தடையே நமக்கு உதவுகிறது. கோப்புகளைத் தொகைப் பட்டியலோடு ஒரே பொதியாகக் கட்டும் பேக்இட் முறையில் (ஆர்எஃப்சி 8493, 2018) பொதியை இரண்டு படிகளில் பார்க்கச் சொல்கிறார்கள். மேனிஃபெஸ்ட் என்ற கோப்புப்பெயர்–தொகைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோப்பும் பொதியில் இருக்கிறதா, பட்டியலில் இல்லாதது ஏதும் டேட்டா கோப்புறைக்குள் புகுந்திருக்கிறதா என்பது முதல் படி. அதில் தேறினால் 'கம்ப்ளீட்'. பிறகு ஒவ்வொன்றின் தொகையும் பொருந்தினால் 'வேலிட்'. அதாவது கெடுதலும் (கோப்பு காணாமற்போவது) தோன்றலும் (புதிதாய்ப் புகுவது) முதல் படியில் பிடிபடும், திரிதல் இரண்டாம் படியில். முதல் படிக்கு 'நிறைவு' என்று தனிச்சொல் வைத்துவிட்டால், திரிபின்மை தன் எல்லைக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ்க் கோப்புப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 'கொடுமுடி.டிஃப்' என்ற கோப்பில் 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறி இரண்டு வகையில் எழுத விடுகிறது. ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து 2 குறிமதிப்பு ('கோட் பாயிண்ட்'), யுடிஎஃப்-8-இல் 6 பைட்டு. அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று பிரித்து 3 குறிமதிப்பு, 9 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் முதல் வகை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எதைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் சேவையகத்துக்குப் பைட்டுதான் கணக்கு, இரண்டும் வேறு வேறு பெயர்.

ஆகவே பட்டியல் விண்டோஸில் உருவாகி, கோப்பு மேக் வட்டு வழியாகப் போனால், கருவி 'ஒரு கோப்பைக் காணோம், ஒரு கோப்பு கூடுதல்' என்று சொல்லும். திரும்ப வருடவேண்டும் (ஸ்கேன்) என்று ஓடாதீர்கள். காணாமற்போனதற்குப் பட்டியலில் உள்ள தொகையையும், கூடுதலாக வந்ததன் தொகையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் மாறியது கோப்பு இல்லை, பெயர் மட்டுமே. ஒகர, ஓகார, ஔகாரம் வரும் பெயர்களில்தான் இது நடக்கும் என்பதால் பட்டியலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெயரைச் சேர்ந்த வடிவுக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றினால் தீர்ந்தது. ஆய்வேட்டுத் தலைப்பை முழுதாகக் கோப்புப் பெயராக வைப்பவர்கள் கவனிக்க: லினக்ஸில் பெயருக்கு 255 பைட்டு வரம்பு. தமிழ்க் குறிமதிப்பு ஒவ்வொன்றும் 3 பைட்டு, 85-ஓடு கதை முடிந்தது. அதிலும் மெய், உயிர்மெய்க்கு இரண்டிரண்டு போகும். வரிசை எண்ணைப் பெயராக வைத்துத் தலைப்பை விவரத்தரவில் எழுதுவதே நல்லது.

— மதுரை

*

மதுரை நண்பரின் 'நிறைவு' பிடித்திருக்கிறது. அதையொட்டி ஒரு கொசுறு.

பேக்இட் பொதியின் தகவல் கோப்பில் பேலோட்-ஆக்ஸம் என்று ஒரு வரி இருக்கும்: மொத்த பைட்டு எண்ணிக்கை, ஒரு புள்ளி, மொத்தக் கோப்பு எண்ணிக்கை. உள்ளடக்கத்தைப் படிக்காமலே கணக்குப் பார்க்க உதவும் வரி அது. இதற்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. திருவாய்மொழி உரைகளுக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று பெயர் வந்தது எப்படி? ஒற்று நீக்கி 32 எழுத்து ஒரு படி. நூலின் அளவே அதன் பெயரில் இருக்கிறது. படியெடுத்தவன் ஓர் ஏட்டை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் உதைக்காது, அதுதான் பாடபேதமாகி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆக்ஸமும் அப்படியே. எனவே அதற்குப் 'படியளவு'.

நடைமுறையில் இந்த வரிசை முக்கியம். 10 டெராபைட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்துத் தொகை போட ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம் ஆகும். படியளவு சில நிமிடங்களில் முடியும். அதிலேயே பொருந்தாவிட்டால் இரவெல்லாம் திரிபாய்வு ஓட்டுவது வீண்.

இன்னொன்று, எப்போது தொகை எடுப்பது? பலர் சேவையகத்துக்கு ஏற்றியபின் அங்கே எடுக்கிறார்கள். அனுப்பும்போதே திரிந்திருந்தால் திரிந்ததற்கே முத்திரை குத்தியதாகிவிடும். வருடி இணைந்த கணினியிலேயே எடுத்து, ஏற்றியபின் ஒப்பிட வேண்டும். எடுத்தபிறகு யாரும் ஒரு ஜேபெக்கைத் திருப்பிச் சேமிக்கக் கூடாது, டிஃப் கோப்புக்குள் விவரம் எழுதக் கூடாது. படம் கண்ணுக்கு அப்படியேதான் இருக்கும், தொகை மட்டும் மாறிவிடும். இந்திய ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவுக்குக் கொடுக்க ஆய்வேட்டை இயல் இயலாகப் பிரிப்பவர்கள் பிரித்த பிடிஎஃப் ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்க வேண்டும், முழுக் கோப்பின் தொகை அவற்றுக்குச் செல்லாது.

— திருச்சிராப்பள்ளி

*

ஒரு ஐயம். திரிபாய்வு என்றால் திரிபைச் சரிசெய்வதும் அதில் அடங்குமா? வாசகர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று படுகிறது. தொகை போடும் முறைகளில் எம்டி5 போதுமா, ஷா-256 வேண்டுமா என்பதையும் பதிவில் சொல்லிவிடலாம்.

— யாழ்ப்பாணம்

*

அடங்காது, அதைப் பதிவிலேயே சொல்ல வேண்டும். தொகை காட்டிக்கொடுக்கும், மீட்டுக்கொடுக்காது. மீட்க வேறொரு படி (நகல்) வேண்டும். இரண்டு படி இருந்து தொகை இல்லையென்றால் எது சரி என்று தெரியாமல் விழிப்போம். தொகை இருந்தால் இரண்டே போதும். ஸ்டான்ஃபோர்டில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தில் நூலகங்கள் தத்தம் படிகளின் தொகைகளை வாக்குப்போல் ஒப்பிட்டு, தோற்ற படியை மற்றதிலிருந்து சரிசெய்துகொள்கின்றன. அந்த வேலைக்குச் 'சீராக்கம்' என்று தனியே இருக்கட்டும்.

எம்டி5 வட்டுக் கோளாறுக்குப் போதும். யாராவது வேண்டுமென்றே ஒரே தொகை வரும் இரண்டு கோப்புகளைச் செய்ய முடியும் என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள், ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் ஷா-256-க்கே போகலாம். எதை எடுத்தாலும் பட்டியலின் ஒரு படி வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். கோப்பை மாற்றுபவர் கைக்குப் பட்டியலும் எட்டினால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவார். டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளில் சோதனைக் கருவி கூடவே வருகிறது, ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் நாம் சேர்த்தால்தான் ஓடும்.

கையேட்டுக்கு: திரிபின்மை — இரு வேளைகளுக்கு இடையே ஒரு கோப்பின் பிட்டு வரிசை மாறாதிருத்தல். அதன் உள்ளடக்கம் சரியா, படிக்க முடிகிறதா என்பதை இது குறிக்காது. வருடும்போதே விடுபட்ட பக்கம் திரிபாய்வில் தெரியாது. அதைப் பக்க எண் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

— கோயம்புத்தூர்

*

திரிபின்மை, திரிபாய்வு, நிறைவு, சீராக்கம் நான்கையும் வரைவில் ஏற்றிவிட்டேன். படியளவு எனக்குப் பிடித்தாலும், 'படி' என்பதை நகல் என்ற பொருளில் பத்து இடத்தில் எழுதிவிட்டதால் அங்கே இடறும். 'பொதியளவு' என்று மாற்றியிருக்கிறேன், திருச்சி நண்பர் பொறுத்தருள்க. இனி 'பார்ன்-டிஜிட்டல்' (தொடக்கத்திலேயே கணினியில் உருவானது) என்ற சொல் பாக்கி. 'பிறவி எண்மம்' என்ற பரிந்துரையைத் தயவுசெய்து யாரும் திரும்ப அனுப்ப வேண்டாம்.

— சென்னை